வென்ற வழக்கின் மறுநாள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குற்றப் புனைவு பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளை விடாமல் படிப்பவள் நான். மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன். பெரும்பாலும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள். சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்த நாளிலிருந்தே ஒரு நாவல் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது முதல் வடிவத்தை எழுதி முடித்துவிட்டேன். பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

கதை இதுதான். வறுமையில் படித்து வந்த ஓர் இளம் வழக்கறிஞன். ஒரு நிறுவனத்தின் மாத்திரையால் உடல்நலம் கெட்ட நூற்றுக்கணக்கானவர்களுக்காக வழக்கு நடத்துகிறான். எதிர்த்தரப்பில் பெரிய பெரிய சீனியர்கள். மிரட்டல், பிறழ்சாட்சி, காணாமல்போகும் கோப்பு, கடைசியில் முப்பது பக்கத்துக்கு ஒரு குறுக்கு விசாரணை. அவன் வெல்கிறான். கோடிக்கணக்கில் இழப்பீடு. நாவல் அங்கே முடிகிறது. வழக்கு நடக்கும்போதே அவனுக்குள் பேராசை வளர்வதாகக் காட்ட முயன்றேன். ஆனால் அந்த இடங்களில் அவன் சினிமா வில்லனைப்போல் ஆகிவிடுகிறான். படித்துப் பார்த்த தோழி, "நன்றாக இருக்கிறது, ஆனால் எந்த இடத்திலும் பயமே வரவில்லை" என்றாள்.

இரண்டு சந்தேகங்கள். வழக்கறிஞர்களின் பேராசையைச் சொல்லும் கதைகள் அமெரிக்கப் பின்னணியில்தான் எடுபடுகின்றன. அங்கே வென்ற தொகையில் மூன்றில் ஒரு பங்கு வழக்கறிஞருக்குப் போகிறது. நம் ஊரில் அந்த முறையே இல்லாதபோது இந்தக் கதைக்கு இங்கே இடம் உண்டா? இரண்டாவது, என் சீனியர் கேட்டது: "நம் தொழிலை நாமே ஏன் கேவலப்படுத்த வேண்டும்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தொழிலில் இருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

மீ., மதுரை

*

அன்புள்ள மீ.,

உங்கள் தோழி சொன்னது சரி. பயம் வராததற்குக் காரணம், உங்கள் நாவல் தொடங்க வேண்டிய இடத்தில் முடிந்திருக்கிறது.

வழக்கு நடக்கும் காலம் முழுவதும் உங்கள் இளைஞனின் ஆசையும் அவனுடைய கட்சிக்காரர்களின் நலனும் ஒரே திசையில்தான் போகின்றன. அவனுக்குப் பணவெறி இருந்தாலும் புகழ்வெறி இருந்தாலும் அதனால் கட்சிக்காரருக்கு நட்டமில்லை. வெறி கூடக்கூட அவன் இன்னும் ஒரு மணி நேரம் விழித்திருந்து கோப்பைப் படிப்பான், இன்னும் ஒரு சாட்சியைத் தேடிப் போவான். அவனுடைய பேராசையே அவர்களுக்குக் கிடைத்த ஆயுதம். ஆகவே அந்தப் பக்கங்களில் அவனைப் பேராசைக்காரனாகக் காட்ட நீங்கள் வலிந்து எதையாவது செய்யவைக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடி முன் நின்று பேசுகிறான், விலையுயர்ந்த காரைப் பார்த்து நிற்கிறான். சினிமா வில்லன் வந்து சேர்வது அப்படித்தான்.

பணம் வந்து சேரும் நாளில் எல்லாம் மாறிவிடுகிறது. அன்றிலிருந்து அவன் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு ரூபாயும் கட்சிக்காரரின் ரூபாய். அதைவிடக் கொடுமை, அந்த நாளில் அவனைக் கண்காணிக்க எவரும் இல்லை. எதிர்த்தரப்பு நிறுவனம் காசோலையைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டது. நீதிபதி கோப்பை மூடிவிட்டார். பத்திரிகைக்காரர்கள் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, தன் பங்கு என்ன என்று கட்சிக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் அவன் வாயால் சொன்னதுதான். வழக்கு முழுக்க அவரைக் காப்பாற்றியவனே இப்போது அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான், அது அவருக்குத் தெரியாது. உங்கள் தோழி தேடிய பயம் இந்த நாற்காலிகளுக்கு நடுவில் இருக்கிறது.

உங்கள் கதை ஏறக்குறைய அப்படியே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில். உடல் எடையைக் குறைக்க ஃபென்ஃபென் என்ற மருந்துக் கூட்டைப் பல லட்சம் பேர் சாப்பிட்டார்கள். இதய வால்வைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் 1997-ல் அதன் ஒரு பகுதி மருந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பாதிக்கப்பட்ட சுமார் 440 பேருக்காக வில்லியம் கேலியன், ஷெர்லி கன்னிங்ஹாம், மெல்போர்ன் மில்ஸ் என்ற மூன்று வழக்கறிஞர்கள் வழக்கு நடத்தினார்கள். 2001-ல் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. தொகை 20 கோடி டாலர். மொத்தமாக ஒரே தொகை. யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது வழக்கறிஞர்கள் கையில்.

அங்குள்ள தொழில்நெறி விதிப்படி இப்படி மொத்தமாகச் சமரசம் செய்யும்போது ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் மொத்தத் தொகை என்ன, மற்றவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அது நடக்கவில்லை. கட்சிக்காரர்கள் தனித்தனியாக அழைக்கப்பட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அவருக்கான தொகை மட்டும் சொல்லப்பட்டது. மொத்தம் எவ்வளவு என்பது மறைக்கப்பட்டது. கிடைத்ததை வெளியில் சொன்னால் அபராதத்துக்கும் சிறைக்கும் ஆளாக நேரிடும் என்று எச்சரிக்கப்பட்டார்கள். இந்த ஒரு ஏற்பாட்டைக் கவனியுங்கள். 440 பேரும் ஒரே மாவட்டங்களில், ஒரே தேவாலயங்களில், ஒரே கடைகளில் சந்தித்துக்கொள்ளக் கூடியவர்கள். இரண்டு பேர் உட்கார்ந்து, "உனக்கு எவ்வளவு?" என்று கேட்டாலே உண்மை வெளிவரத் தொடங்கிவிடும். அந்த ஒரு கேள்வி எழக்கூடாது என்பதற்குத்தான் அந்த எச்சரிக்கை. கத்தியும் துப்பாக்கியும் இல்லாமல், தனக்காக வாதாடிய வக்கீலின் அறையிலேயே ஒரு மனிதர் வாயடைக்கப்படுகிறார். இதய வால்வு பழுதானவர் அவர். நன்றி சொல்லிவிட்டு எழுந்து போகிறார்.

ஒப்பந்தப்படி வழக்கறிஞர்களுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதி கட்சிக்காரர்களுக்கு. நடந்தது அதற்கு நேர் தலைகீழ். கடைசிக் கணக்கில் கட்சிக்காரர்களுக்குப் போனது சுமார் 7.35 கோடி டாலர், அதாவது 37 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அதிலும் ஒரு பகுதி, வழக்கறிஞர் சங்கம் விசாரிக்கத் தொடங்கிய பிறகு அவசரமாகக் கொடுக்கப்பட்ட இரண்டாம் தவணை. 2 கோடி டாலரை எடுத்து ஆரோக்கிய வாழ்வுக்கான அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் இயக்குநர்களாக அந்த வழக்கறிஞர்களே உட்கார்ந்து மாதாமாதம் ஊதியம் வாங்கினார்கள். அவர்களோடு இன்னொருவரும் ஊதியம் வாங்கினார். இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் ஒப்புதல் கையெழுத்திட்ட நீதிபதி ஜோசப் பாம்பர்கர். அவர் நீதிபதிப் பதவியையும் பிறகு வழக்கறிஞர் உரிமத்தையும் இழந்தார்.

கேலியனும் கன்னிங்ஹாமும் பந்தயக் குதிரைகள் வாங்கினார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் கர்லின். 2007-ல் அமெரிக்காவின் தலைசிறந்த குதிரையாகத் தேர்வு பெற்றது. அந்த ஆண்டின் கடைசியில் மிகப் பெரிய பந்தயம் ஒன்றில் அது முதலாவதாக வந்து நின்றபோது, அதன் பங்குதாரர்களான இந்த இரண்டு பேரும் விசாரணைக் கைதிகளாகச் சிறையில் இருந்தார்கள். 2009-ல் கேலியனுக்கு 25 ஆண்டுகள், கன்னிங்ஹாமுக்கு 20 ஆண்டுகள் தண்டனை. மில்ஸ் மட்டும் விடுவிக்கப்பட்டார். அவர் தரப்பு முன்வைத்த வாதம், குடிப்பழக்கத்தால் அவருக்கு எதுவும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை என்பது. ஒரு நாவலாசிரியர் இதைக் கற்பனையில் எழுதியிருந்தால் பதிப்பாளர் நம்ப முடியவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

இந்த மனிதர்களை உங்கள் கதாநாயகனாக யோசித்துப் பாருங்கள். அவர்கள் ஒருநாளும் தங்களைத் திருடர்களாக நினைத்திருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அங்கே இத்தகைய வழக்குகளில் செலவு முழுவதும் வழக்கறிஞருடையது. மருத்துவ நிபுணர்களின் அறிக்கை, ஆவணங்கள், பயணம், ஊழியர் சம்பளம் எல்லாம் கைப்பணம் அல்லது வங்கிக் கடன். தோற்றால் எல்லாம் போயிற்று. வென்ற பிறகு அந்த மனம் பேசும் பேச்சு எப்படி இருக்கும்? நான் இல்லையென்றால் இவர்களுக்கு ஒரு காசு கிடைத்திருக்குமா? என் வீட்டை அடமானம் வைத்தேனே, இவர்களில் யாராவது வைத்தார்களா? இவர்கள் கையில் கொடுத்தால் ஒரே வருடத்தில் தீர்த்துவிடுவார்களே? ஒவ்வொரு கேள்வியிலும் பாதி உண்மை இருக்கிறது. பேராசை நீதியின் மொழியில்தான் பேசும். அந்த மொழியைச் சரளமாகப் பேசத் தெரிந்தவன் வழக்கறிஞன். தனக்கு எதிரான எந்த வாதத்தையும் உடைக்கப் பயிற்சி பெற்றவன் தன் மனசாட்சியின் வாதத்தையும் உடைத்துவிடுகிறான். கண்ணாடி முன் வசனம் பேசும் காட்சியை எடுத்துவிட்டு இந்த உள்வாதத்தை எழுதுங்கள். வாசகர் அவன் பக்கம் தலையாட்ட வேண்டும். மூன்றாவது பக்கத்தில்தான், எதற்குத் தலையாட்டினோம் என்று அவருக்குத் தூக்கிவாரிப்போட வேண்டும்.

இந்த வழக்கில் இன்னொரு பெயர் வருகிறது. அதனால்தான் இது அமெரிக்கர்களின் கதை மட்டுமில்லை என்கிறேன். சமரசப் பேச்சை நடத்த அவர்கள் சின்சினாட்டி நகரின் புகழ்பெற்ற வழக்கறிஞர் ஸ்டான்லி செஸ்லியைச் சேர்த்துக்கொண்டார்கள். பேரிடர் வழக்குகளில் முன்னோடி. 1977-ல் 165 பேர் மாண்ட இரவு விடுதித் தீ விபத்து வழக்கில் பெயர் பெற்றவர். கென்டக்கி விவகாரத்தில் அவருக்குக் கிடைத்த கட்டணம் சுமார் 2 கோடி டாலர். அது நியாயமற்றது என்று சொல்லி 2013-ல் கென்டக்கி உச்ச நீதிமன்றம் அவருடைய தொழில் உரிமத்தை நிரந்தரமாகப் பறித்தது.

இதே செஸ்லி 1985-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் நம் மக்களுக்காக நின்றவர். போபால் மக்களுக்காக.

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. ஒரு வாரம் ஆவதற்குள் அமெரிக்காவில் 1,500 கோடி டாலர் கேட்டு மெல்வின் பெல்லை என்ற பிரபல வழக்கறிஞர் வழக்குத் தொடுத்துவிட்டார். அங்கிருந்து வழக்கறிஞர்கள் விமானம் ஏறிப் போபாலுக்கே வந்து இறங்கினார்கள். கண் எரிச்சல் இன்னும் அடங்காத குடிசைப் பகுதிகளில் படிவங்கள் விநியோகமாயின. ஆங்கிலம் அறியாதவர்கள், எழுத்தே அறியாதவர்கள், ஆயிரக்கணக்கில் கைநாட்டு வைத்தார்கள். அந்த மைப்பெட்டியைக் கொஞ்சம் நேரம் பாருங்கள். குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த ஒரு தகப்பனின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றித் தாளில் அழுத்துகிறார் யாரோ ஒருவர். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தகப்பனுக்குத் தெரியாது. எந்த ஊர் நீதிமன்றம், எந்த வக்கீல், எத்தனை பங்கு, எதுவும் தெரியாது. வந்தவர்களில் உண்மையாகவே மனம் நொந்து வந்தவர்களும் இருந்திருப்பார்கள். அந்தத் தாளை வைத்து அவர்களையும் பணத்துக்காக வந்தவர்களையும் பிரித்தறிய முடியாது.

1985-ல் இந்திய அரசு தனிச்சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்ட அனைவருக்கும் தானே வழக்காடும் உரிமையை எடுத்துக்கொண்டது. நியூயார்க்கில் நீதிபதி ஜான் கீனன் வழக்குகளை நெறிப்படுத்த மூவர் குழு ஒன்றை அமைத்தார். இந்திய அரசின் வழக்கறிஞர் ஒருவர். தனியார் வழக்கறிஞர்கள் சார்பில் இரண்டு பேர்: செஸ்லி, எஃப். லீ பெய்லி. பெய்லி அமெரிக்கக் குற்றவியல் வழக்குலகின் நட்சத்திரம். ஒரு கட்சிக்காரரின் பங்குகளைக் கையாண்ட விவகாரத்தில் 2001-ல் ஃபுளோரிடாவிலும் 2003-ல் மாசசூசெட்ஸிலும் அவர் உரிமம் பறிக்கப்பட்டது. போபால் மக்களுக்காக அங்கே முன்னின்ற அந்த இரண்டு தனியார் வழக்கறிஞர்களும் பிற்காலத்தில், கட்சிக்காரர் பணம் சம்பந்தப்பட்ட வெவ்வேறு விவகாரங்களில் தொழிலையே இழந்தார்கள். இதை முதன்முதலாகச் சேர்த்து வாசித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இன்றும் பிசைகிறது.

1986 மே மாதம் கீனன் வழக்குகளை இந்தியாவுக்குத் திருப்பிவிட்டார். இங்கே 330 கோடி டாலர் கேட்ட இந்திய அரசு, 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பங்கு கேட்கும் வக்கீல் நடுவில் இல்லை. ஆனாலும் காயமடைந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைத்தது 25,000 ரூபாய். அதுவும் பல ஆண்டுகள் காத்திருந்து. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வழக்கறிஞரின் பேராசையை எழுதும் ஆவேசத்தில் வழக்கறிஞரே இல்லாவிட்டால் ஏழை பிழைத்துக்கொள்வான் என்ற முடிவுக்கு உங்கள் நாவல் போய்விடக் கூடாது. கட்சிக்காரருக்கு வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும். அதனால்தான் அந்த நாற்காலியில் இருப்பவரின் துரோகம் இவ்வளவு பெரிதாகிறது.

பேராசைக்கும் லட்சிய வெறிக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இன்னொரு சம்பவத்தைப் பார்க்கலாம். மிசிசிப்பியின் ரிச்சர்ட் ஸ்க்ரக்ஸ், புகையிலை நிறுவனங்களை மாநில அரசுகளிடம் பணிய வைத்தவர்களில் முக்கியமானவர். பெரும் செல்வந்தர். கத்ரீனா புயலுக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் ஒன்றுடன் நடந்த வழக்குகளில் கிடைத்த 2.65 கோடி டாலர் கட்டணத்தைப் பிரிப்பதில் கூட்டாளி வழக்கறிஞர்களுடன் அவருக்குத் தகராறு. அந்தத் தகராறை விசாரித்த நீதிபதி ஹென்றி லேக்கிக்கு 40,000 டாலர் லஞ்சம் கொடுக்க நடந்த சதியில் 2008-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அவர் செல்வத்தின் முன் அந்தச் சண்டையின் தொகை சில்லறை. இன்னொரு வழக்கறிஞன் தன்னை வென்றுவிடக் கூடாது என்பதுதான் அங்கே இருந்த ஆசை. நீதிபதியிடம் தூது போனது அவரைவிட இளைய ஒரு வழக்கறிஞர், பெரியவரின் வட்டத்துக்குள் நுழையத் துடித்தவர். உங்கள் நாவலில் இருக்கும் அந்த ஜூனியர் பையனை நீங்கள் தேநீர் வாங்கிவர மட்டுமே பயன்படுத்தியிருக்கிறீர்கள். அவனுக்கு ஓர் ஆசையைக் கொடுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். வென்றால் பங்கு என்ற ஒப்பந்தம் இந்தியாவில் வழக்கறிஞருக்குத் தடை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அகில இந்திய பார் கவுன்சில் விதிகளில் இருக்கிறது. 1954-ல் உச்ச நீதிமன்றம் வரை வந்த வழக்கில், கட்சிக்காரர் பெறும் தொகையில் பங்கு பேசிக்கொண்ட மூத்த வழக்கறிஞர் ஒருவரின் செயல் தொழில்நெறி தவறியது என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பில் அவர் பெயர் இல்லை, 'ஜி' என்ற ஓர் எழுத்து மட்டும். ஆனால் விபத்து வழக்குகளில் சதவீதப் பேச்சு எழுதப்படாமல் நடக்கிறது என்பது எந்த நீதிமன்ற வளாகத்திலும் தேநீர்க் கடையில் நிற்பவருக்குத் தெரியும். எழுத்தில் இருந்தால் அதை மீறியதாக நிரூபிக்கலாம். எழுத்தே இல்லாதபோது கட்சிக்காரரிடம் எந்தச் சான்றும் இல்லை. கதைக்கு இது அமெரிக்காவைவிட இறுக்கமான களம்.

தொகை சிறியதாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். 20 கோடி டாலர் என்பதை வாசகரால் உணர முடியாது. லாரி மோதிக் கணவனை இழந்தவளுக்குத் தீர்ப்பாயம் வழங்கிய ஒன்பது லட்சத்தை அவரால் உணர முடியும். அதில் பிள்ளையின் பெயரில் வங்கியில் போடப்பட்ட வைப்புத்தொகை எவ்வளவு, அவள் கைக்கு வந்தது எவ்வளவு என்று அவர் விரல்விட்டு எண்ணுவார். 1993-ல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறுவர்களுக்கும் எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கும் உரிய இழப்பீட்டை நீண்டகால வைப்பில் போட வேண்டும், நீதிமன்ற அனுமதியோடுதான் எடுக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. பணம் கரைந்துபோகாமல் காக்கவே அது வந்தது. அந்தக் காவலை மீறிப் பணம் எப்படி வெளியே வரும்? மகளுக்குத் திருமணம், மகனுக்குக் கல்லூரிக் கட்டணம், அறுவைச் சிகிச்சை என்று ஒரு மனு. மனுவில் சொல்லப்படும் காரணம் உண்மையா, அவளே சொன்னதா, அல்லது குமாஸ்தா நிரப்பியதா? கைநாட்டு வைக்க வரச்சொல்லி அவளுக்குத் தொலைபேசியில் தகவல் போகிறது. பஸ் பிடித்து வருகிறாள். எதற்கு என்று கேட்கக் கூச்சப்படுகிறாள், ஏனென்றால் ஐயா நல்லவர், கேஸை ஜெயித்துக் கொடுத்தவர். இந்தக் காட்சியின் ஒவ்வொரு தாளும், ஒவ்வொரு முத்திரையும் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இதை எழுத உங்களுக்கு இருக்கும் தகுதி தமிழில் எழுதுபவர்களில் மிகச் சிலருக்கே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, பார்த்திராத மருந்து நிறுவனத்தின் முப்பத்தைந்தாவது மாடியில் நீங்கள் ஏன் அலைகிறீர்கள்?

உங்கள் சீனியருக்கான பதில் இந்த வழக்குகளிலேயே இருக்கிறது. கென்டக்கியில் மறைக்கப்பட்ட கணக்கைத் தோண்டியெடுத்து, ஏமாற்றப்பட்டவர்களுக்காக 4.2 கோடி டாலருக்குத் தீர்ப்பு வாங்கியவர் யார்? ஆஞ்சலா ஃபோர்ட் என்ற வழக்கறிஞர். சக வழக்கறிஞர்கள்மீது வழக்குத் தொடுத்துவிட்டு அதே ஊரில் தொழில் செய்ய எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மிசிசிப்பியில் லஞ்சப் பேச்சு வந்ததும் புலனாய்வுத் துறைக்குத் தகவல் கொடுத்தவர் அந்த நீதிபதியே. கலிபோர்னியாவில் டாம் ஜிரார்டி பல பத்தாண்டுகள் கொடிகட்டிப் பறந்தவர். நிலத்தடி நீரை மாசுபடுத்திய மின்நிறுவனத்திடமிருந்து 1996-ல் 33.3 கோடி டாலர் வாங்கித் தந்த வழக்கறிஞர்களில் ஒருவர். 2018-ல் ஜாவா கடலில் விழுந்த லயன் ஏர் விமானத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு வந்த பணம் அவர்களிடம் போய்ச் சேரவில்லை என்பதை 2020 டிசம்பரில் சிகாகோ நீதிமன்றத்தில் வெளிக்கொண்டுவந்தது, அந்த வழக்கில் அவரோடு பணியாற்றிய வழக்கறிஞர் நிறுவனம். 2024-ல் கட்சிக்காரர்களை மோசடி செய்த குற்றத்துக்காக லாஸ் ஏஞ்சலஸில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அவர்மீது மாநில வழக்கறிஞர் அமைப்புக்கு இருநூறுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்து கிடந்தன. தொழிலுக்குக் கேவலம் வந்தது அவற்றை மூடிவைத்ததால். எழுதியவர்களால் வரவில்லை. உங்கள் சீனியர் உங்கள்மேல் அக்கறையால் சொல்லியிருக்கிறார் என்றே நினைக்கிறேன். அச்சானதும் முதல் பிரதியை அவரிடம் கொடுங்கள்.

இனி, திருத்தும் வேலை. தீர்ப்பை முதல் மூன்று அத்தியாயங்களுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். குறுக்கு விசாரணை நன்றாகவே வந்திருக்கிறது, ஆனால் முப்பது பக்கம் வேண்டாம். நான்கு பக்கம் போதும். அவன் எவ்வளவு திறமைசாலி, எவ்வளவு நல்லவன் என்று வாசகர் அங்கே முழுமையாக நம்பிவிட வேண்டும். பிறகு காசோலை வருகிறது. அங்கிருந்து குமாஸ்தாவைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். வழக்கறிஞர் அலுவலகத்தில் உண்மையான கணக்கு தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கட்சிக்காரர்கள் வெளியே மரப்பெஞ்சில் காத்திருக்கும்போது அவர்களோடு பேசுகிறவரும் அவர்தான். அவர் எப்போது பார்க்கிறார், எப்போது பார்க்காததுபோல் இருக்கிறார், அவருக்கு எவ்வளவு கொடுக்கப்படுகிறது, எந்த மாதத்தில் அதை வாங்க மறுக்கிறார். பேராசைக்காரனின் மனதுக்குள் போவதைவிட அவனைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் மனதுக்குள் போனால் பயம் தானாக வரும்.

கணக்குத் தாள் ஒன்றையும் நாவலுக்குள் வையுங்கள். வந்த தொகை, நீதிமன்றக் கட்டணம், மருத்துவச் சான்றுக்கு, பயணத்துக்கு, இதர செலவு, கட்சிக்காரருக்குக் கொடுத்தது. வரி வரியாக, தொகையோடு, ஒரு பக்கம் முழுவதும். விளக்கம் எதுவும் வேண்டாம். எந்த வரி பொய் என்று வாசகர் தாமே தேடட்டும். பதினைந்து அத்தியாயங்களுக்குப் பிறகு அதே தாளை இன்னொரு கட்சிக்காரரின் பெயரோடு மறுபடியும் வையுங்கள். 'இதர செலவு' வரியில் மட்டும் தொகை மாறியிருக்க வேண்டும். திருத்திய வடிவத்தை அனுப்பிவையுங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்